‘அத்தை’ என்று பெயர் வைத்த கட்டம்

சர்வின்,

இதைப் போனில் அனுப்பினால் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டி முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து டைப் செய்கிறேன். நீ மேலே உன் அறையில் இருக்கிறாய், நான் கீழே சாப்பாட்டு மேசையில். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் நேரில் பேசினால் நான் பாதியில் சண்டைக்குப் போய்விடுவேன், நீ பாதியில் "சரி ம்மா, சரி ம்மா" என்று எழுந்துவிடுவாய். இதை முழுதாகப் படி. படித்துவிட்டு உன் கூட்டாளிகளிடம் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. வீட்டை விட்டுக் கிளம்பத் தயங்கி நிற்கிற பிள்ளைகள் உன்னைப் போல நிறைய பேர் இருப்பார்கள். அவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டே "போயேன், யார் தடுத்தா" என்று சொல்லும் என்னைப் போன்ற அம்மாக்களும் இருப்பார்கள்.

உன் பெட்டி மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. முதல் தடவை நீ விமான டிக்கெட்டின் தேதியை மாற்றியபோது அது வாசலருகே நின்றது. இரண்டாம் தடவை மாற்றியபோது கால் தடுக்குகிறது என்று உள்ளே தள்ளினோம். இப்போது அப்பா அதன்மேல் ஈரத்துண்டு காயப்போட ஆரம்பித்துவிட்டார். டப்ளினில் உனக்கு வேலை கொடுத்தவர்கள் இந்த மாதக் கடைசிக்கு மேல் காத்திருக்க மாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். அதை நீ என்னிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னாய், அவர் வெங்காயம் வதக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார். ஏன் போகவில்லை என்று கேட்டால் உன்னிடம் ஒரே பதில்தான்: "புரோகிராம் ஒழுங்கா ஓடட்டும் ம்மா, அப்புறம் போறேன்." அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ புரோகிராமாக மாற்றி எழுதிய என் விருந்துக் கணக்கு ஃபைலின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நான் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் கிளார்க். கம்ப்யூட்டரில் கணக்கு ஃபைலைத் திறந்து, எத்தனை பெட்டி ஆர்டர் என்று ஒரு கட்டத்தில் தட்டினால், எத்தனை திருகாணி, எத்தனை அட்டை, எத்தனை ஆள் என்று மற்றக் கட்டங்கள் தாமாகவே மாறும். அதை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கு வந்த பூரிப்பு, உன் அப்பா பெண் பார்க்க வந்த அன்றுகூட வரவில்லை. இதை அவரிடம் சொல்லிவிடாதே. பிறகு கிள்ளானில் அவர் விருந்துச் சமையலை ஆரம்பித்தபோது, அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டார், நான் கணக்கைப் பார்த்துக்கொண்டேன். திருகாணி இருந்த இடத்தில் துவரம்பருப்பு வந்தது, அட்டை இருந்த இடத்தில் வாழை இலை வந்தது. எத்தனை பேர் என்று தட்டினால் போதும், அரிசியிலிருந்து அடுப்பு வரை வரிசையாக வந்து நிற்கும்.

அப்புறம் அது வளர்ந்தது. காப்பாரில் ஒரு கல்யாணம், தாலி கட்டி முடிந்த பிறகு வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அன்று நான் பட்ட பாட்டில், மறுநாளே ஃபைலில் ஒன்று சேர்த்தேன்: இடம் காப்பாரானால் சோற்றைக் கூட்டு. புரட்டாசியானால் கோழியைக் குறைத்துச் சாம்பாரைக் கூட்டு. பகல் பந்திக்கு ஒரு கணக்கு, மாலையில் மேசைக்குப் பத்துப் பேராக உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறவர்களுக்கு வேறு கணக்கு. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக ‘இப்படியானால் அப்படி’ என்று செருகிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் நான் எங்கேயோ யாரிடமோ வாங்கிய ஒரு திட்டு இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஃபார்முலா. எனக்கு அது முகங்களாகத்தான் தெரியும்.

வளர வளர அதற்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முகூர்த்த நாளில் இரண்டு மூன்று விருந்து சேர்ந்தால் திணறிவிடும். நம் ஆட்களும் லேசுப்பட்டவர்களா? கடைசி நாளில் போன் வரும். "அக்கா, இன்னும் அஞ்சு மேச கூடும் லா, மாப்ள சைடுல ஆள் வராங்க." நான் எண்ணை மாற்றிவிட்டு டீ போடப் போவேன். டீ கொதித்து, ஆற்றிக் குடித்து, டம்ளரைக் கழுவிவைத்துவிட்டு வந்தாலும் திரையின் அடியில் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அப்பா கரண்டியோடு வந்து தலையை நீட்டுவார்.

"இன்னும் வரலயா?"

"ஓடுது."

"ஓடுனா இந்நேரம் ஈப்போ போய்ச் சேர்ந்திருக்கும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, குத்துமதிப்பாகச் சமைத்துவிட்டார். பாயசம் பாதிப் பந்திக்குத்தான் வந்தது, ரசமோ கிள்ளான் ஆற்றையே புளிக்க வைக்கிற அளவுக்கு மிஞ்சியது. அந்த வாரம்தான் உனக்கு டப்ளின் வேலை உறுதியாகியிருந்தது. நீ மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். போவதற்குள் இதை ஒழுங்காக ஒரு புரோகிராமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றாய். ஃபைலைத் திறந்து ஒரு கட்டத்தைத் தட்டினாய். ஃபார்முலா திரை முழுக்க விரிந்தது.

"இத யாரு ம்மா எழுதுனா?"

"நான்தான்."

"இல்ல, உண்மையா சொல்லு."

அந்த ஒரு வார்த்தைக்காக அன்று உனக்குச் சாயங்காலப் பலகாரம் கிடைக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் நீ வேலை செய்த விதம் எனக்குப் பிடித்தது. நீ ஃபார்முலாவை அப்படியே புரோகிராமாகப் பெயர்க்கவில்லை. என்னைத் திரையைப் பார்க்கவிடாமல் திரும்பி உட்காரவைத்து, "இந்தக் கட்டம் என்ன சொல்ல வருது, வாயால சொல்லு" என்றாய். நான் சொன்னதை என் பேச்சிலேயே ஒரு வரியாக எழுதி, அதன் கீழேதான் புரோகிராமை எழுதினாய். பாதிக் கட்டங்களுக்கு என்னால் ஒரு வாக்கியம் சொல்ல முடிந்தது. மீதியில் சிலவற்றைச் சொல்ல வாயைத் திறந்ததும், இது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அவற்றை அன்றே சேர்ந்து தூக்கினோம்.

ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று நீ சொன்ன விளக்கத்தை நான் இன்னும் கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒவ்வொரு கட்டமும் பொருள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை தானாகத் தேடிப் பார்க்கிறதாம். சாம்பாருக்கு வெங்காயம் வேண்டுமா, ஒரு தேடல். பிரட்டலுக்கு வெங்காயம் வேண்டுமா, மறுபடி முதலிலிருந்து. "ஒவ்வொரு வெங்காயத்துக்கும் தனித்தனியா மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு பாசாருக்குப் போயிட்டு வர மாதிரி இருக்கு ம்மா" என்றாய். நீ எழுதிய புரோகிராம் தொடக்கத்திலேயே பட்டியலை ஒரு தடவை வாசித்துக் கையில் வைத்துக்கொள்கிறது. அப்புறம் பெயரைச் சொன்னால் உடனே எடுத்து நீட்டுகிறது. நான் வரிசை வரிசையாக இழுத்து ஒட்டிய ஒரே ஃபார்முலாவை நீ ஒரு தடவை மட்டும் எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்து, எல்லாப் பதார்த்தத்துக்கும் அதையே கூப்பிட்டாய். என் ‘இப்படியானால் அப்படி’ அத்தனையும் ஒரு சின்ன அட்டவணையில் அடங்கிவிட்டன. அத்தனை வருடத் திட்டும் ஒரே பக்கத்தில் வந்து நின்றதைப் பார்க்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம் அந்த வட்டம். அதை நீ கண்டுபிடித்தபோது சிரித்து உருண்டாய். என் ஃபைலில் அடுப்பு மூட்டும் நேரம், எத்தனை ஆள் என்பதைப் பார்த்து மாறும். எத்தனை ஆள் என்பது, எப்போது அடுப்பு மூட்டுகிறோம் என்பதைப் பார்த்து மாறும். ஒன்று மற்றதைக் கேட்க, அது இதைக் கேட்க, சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஃபைல் அதற்கு ஒரு எச்சரிக்கை காட்டும். நான் பல வருடங்களுக்கு முன்பே அந்த எச்சரிக்கை இனி வராதபடி அமைப்பில் எதையோ மாற்றி வைத்துவிட்டேன். இது ஃபைலின் கோளாறு இல்லை. எங்கள் குடும்பமே அப்படித்தான் நடந்தது. "எத்தன ஆள்னு சொல்லு, எப்ப மூட்டுறதுன்னு சொல்றேன்" என்பார் அப்பா. "எப்ப மூட்டுவீங்கன்னு சொல்லுங்க, ஆள் சொல்றேன்" என்பேன் நான். நீ அடுப்படிக்குப் போய் அவரைக் கேட்டாய். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மொதல்ல ஆள முடிவு பண்ணிட்டா போதும். நேரத்த நான் பாத்துக்குறேன்" என்றார். அவ்வளவுதான். ஒன்றை முதலில் நிறுத்தி வைத்தாய், மற்றது தானாக வந்தது. அதை நான் சாதாரணமாகத்தான் அன்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. முதல் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதற்கு நான் வைத்திருந்த பெயர் ‘அத்தை’. எல்லாப் பதார்த்தமும் கடைசியில் அந்தக் கட்டத்தால் பெருக்கப்பட்டு, கொஞ்சம் கூடும். வெளியூரிலிருந்து சொந்தங்கள் நிறைய வரும் விருந்தென்றால் இன்னும் கொஞ்சம் கூடும். நீ புரோகிராமின் பதிலையும் பழைய ஃபைலின் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாய். ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. எல்லாம் முடியும் தறுவாயில் இந்தக் கட்டத்துக்கு வந்து நின்று என்னைக் கேட்டாய்.

"ம்மா, இது என்ன அத்தை? எதுக்கு எல்லாத்தையும் பெருக்குது?"

"அது பழைய காலத்துல பயந்துக்கிட்டுக் கூட்டி வச்சது. இப்பதான் உன் புரோகிராம் கரெக்டா கணக்குப் போடுது இல்ல, அது எதுக்கு? தூக்கிடு."

"கன்ஃபார்மா?"

"தூக்கிடுன்னா தூக்கிடு."

நீ புரோகிராமிலிருந்து தூக்கிவிட்டாய். பழைய ஃபைலின் ஒரு நகலில் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, அதன் பதில்களோடு ஒப்பிட்டாய். எல்லாம் பச்சை.

சர்வின், நான் சொன்னது பொய். அது பயத்தில் கூட்டியது இல்லை. உன் அப்பாவின் தங்கை, அதாவது உன் ரவாங் அத்தை, எந்த விருந்துக்கும் காலி டப்பாக்களோடுதான் ரயில் ஏறுவாள் என்பது உனக்குத் தெரியும். விருந்து முடிந்ததும் மிஞ்சியதை அவள் தாப்பாவ் என்று பொட்டலமாகக் கட்டுவாள். தனக்கு மட்டுமில்லை, தன் வீட்டுக்காரரின் அக்கா தங்கைகளுக்கும், பக்கத்து வீட்டுக்கும், மேடையில் நாதஸ்வரம் வாசித்தவருக்கும் கட்டிக் கொடுப்பாள். நீ அந்த நேரத்தில் எப்போதும் லோரியில் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருப்பாய். மிச்சம் என்பது தானாக மிஞ்சுவது என்று நினைத்திருந்தாய். தானாக எதுவும் மிஞ்சாது, தம்பி. நான் கணக்குப் போட்டு மிஞ்ச வைக்கிறேன். நம் ஊரில் வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டால் மட்டும் போதாது. கிளம்பும்போது கையில் ஒரு பொட்டலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விருந்து வைத்தவருக்கு முகம் சுருங்கிவிடும். இதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், ஆர்டரிலும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் அதற்கு ஒரு கட்டம் வைத்தேன், அவள் பெயரையும் வைத்தேன்.

பிறகு ஏன் தூக்கச் சொன்னேன்? அன்று காலையில்தான் அவளோடு எனக்குப் போனில் வாய்த் தகராறு. நீ டப்ளின் போகிறாய் என்று பெருமையாகச் சொன்னேன். அவள், "அனுப்புங்க அண்ணி, நல்லதுதான். ஆனா அங்க போன பிள்ளைங்க திரும்பி வந்து நான் பாத்ததில்ல" என்றாள். அவள் வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது நெஞ்சில் போய்க் குத்தியது. போனை வைத்துவிட்டேன். அந்தக் கோபத்தோடு உட்கார்ந்திருந்தவளிடம் நீ வந்து ‘அத்தை’ எதற்கு என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அவளை என் ஃபைலிலிருந்தே தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது, எறிந்தேன்.

உன் புரோகிராம் முதன்முதலாகக் கணக்குப் போட்டது பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த அந்த நிச்சயதார்த்தத்துக்கு. எண்ணைத் தட்டினேன், கையை எடுப்பதற்குள் பதில் வந்து நின்றது. அப்பா நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். விருந்தும் அழகாக நடந்தது. கடைசிப் பந்தி எழுந்தபோது அண்டாக்கள் துடைத்து வைத்தது போல இருந்தன. ஒரு பருக்கை வீணாகவில்லை என்று நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய். மறுநாள் பெண்ணின் அப்பா போன் செய்தார்.

"சாப்பாடு ருசியில குறையே இல்ல. ஆனா பத்தல லா."

"யாராச்சும் சாப்பிடாம போனாங்களா அண்ணே?"

"சேச்சே, எல்லாரும் நல்லா சாப்பிட்டாங்க. ஆனா பத்தல."

அவர் சொன்னது எனக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. உனக்குப் புரியவில்லை. உன் முகம் வாடிப் போனது. நீ கெட்டிக்காரன், நேராக என்னிடம் வந்து, "ம்மா, அந்த அத்தை கட்டத்த எடுத்ததாலயா?" என்று கேட்டாய். அப்போதாவது நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்றேன். நீ பெண்ணின் அப்பாவுக்கு நீயே போன் போட்டு, தப்பு என் புரோகிராமில்தான் என்று மன்னிப்புக் கேட்டாய். நான் பக்கத்து அறையில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னை அப்படிப் பேச வைத்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்றே நீ புரோகிராமை ஓரம் கட்டிவிட்டு, பழைய ஃபைலையே மறுபடி ஓட்டச் சொன்னாய். அதில் அத்தை இருந்ததால் அடுத்த விருந்தில் யாரும் குறை சொல்லவில்லை. நீயோ எங்கே தப்பு என்று ஒவ்வொரு ஃபார்முலாவாக மறுபடி முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தாய். "எனக்குத் தெரியாத ரூல் இன்னும் எத்தன இருக்கோ" என்று டிக்கெட்டை மாற்றினாய். அப்புறமும் மாற்றினாய். உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் கிடைத்தது. ஆனால் நீ தப்பைத் தேடிக்கொண்டிருந்த வரைக்கும் வீட்டில் இருந்தாய். சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து, இது எதுக்கு ம்மா, அது எதுக்கு ம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடம் போன காலத்துக்கு அப்புறம் நீ என்னிடம் இத்தனை கேள்வி கேட்டதே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. வேறு என்ன சொல்ல?

பெட்டியின்மேல் அந்த ஈரத்துண்டைப் பார்த்த அன்றுதான் எனக்குச் சுரீர் என்றது. இதுவும் அந்த வட்டம்தானே. நான் இதைத் தனியாகப் பார்த்துக்கொள்வேன் என்று தெரிந்தால்தான் நீ போவாய். நீ போனால்தான் நான் தனியாகப் பார்க்கக் கற்றுக்கொள்வேன் என்று நானும் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்க்க, நான் உன்னைப் பார்க்க, நாள் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றை முதலில் நிறுத்தி வைக்க வேண்டும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்ததே நீதான். சரி, என்னிடமிருந்தே தொடங்கலாம் என்று முடிவு செய்தேன்.

பகலில் நீ பழைய கம்பெனிக்கு மிச்ச வேலையை முடித்துக் கொடுக்க பிரிக்ஃபீல்ட்ஸ் போய்விடுவாய். அந்த நேரத்தில் நான், என் கம்ப்யூட்டரில் நீ ஏற்றி வைத்திருந்த புரோகிராமைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தேன். முதல் நாள் தலை சுற்றியது. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் மேலே நான் வாயால் சொன்ன வரியை நீ அப்படியே எழுதி வைத்திருந்தாய் அல்லவா, அது கை பிடித்துக் கூட்டிப்போனது. ‘காப்பார்னா சோறு கூட’ என்று என் குரலிலேயே இருக்கிறது. அதற்குக் கீழே இருப்பது அதைத்தான் சொல்கிறது என்று தெரிந்த பிறகு பயம் போய்விட்டது. அத்தையைத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒப்பிடுவதற்கு, அத்தை இருந்த பழைய ஃபைலின் பதில்களையே மறுபடி எடுத்து வைத்தேன். உன் பெருக்கல் வரிகளில் ஒன்றைப் பார்த்து அதேபோல ஒரு வரி எழுதினேன். ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு.

 மூடிவிட்டுப் போய்த் துணி மடித்தேன். மறுநாள் நிதானமாகப் பார்த்தேன். அரிசி மூட்டை ‘ஏழும் கொஞ்சமும்’ என்று காட்டியது. கடையில் யார் நமக்குக் கொஞ்சம் மூட்டை கொடுப்பார்கள்? அப்போதுதான் பிடிபட்டது. நீ எல்லாவற்றையும் கடைசியில் முழு மூட்டையாக, முழு டின்னாக ஆக்குகிறாய். நான் என் வரியை அதற்கும் கீழே கொண்டுபோய்ச் செருகியிருந்தேன். முதலில் அத்தைக்குக் கூட்டிவிட்டு அப்புறம்தான் மூட்டையாக்க வேண்டும். வரியை வெட்டி மேலே ஒட்டினேன், ஓட்டினேன். நாம் சமைத்த பழைய கல்யாணங்கள் அத்தனையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பச்சையாக மாறியதைப் பார்த்து, தனியாக உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அப்பா எட்டிப் பார்த்து, "வெங்காயமா?" என்றார். ஆமாம் என்றேன்.

நேற்று காப்பாரில் அந்தப் புதுமனை விருந்துக்கு நீயும் உதவிக்கு வந்தாய். ரவாங் அத்தையை நான்தான் போன் போட்டு வரச் சொன்னேன். அவளிடமும் பேசிவிட்டேன். "நான் என்ன அண்ணி அப்படிச் சொல்லிட்டேன்?" என்று உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். அவளோடு கோபித்துக்கொள்வது வீண் வேலை. பந்தி முடிந்ததும் அவள் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கட்டிக் கொடுத்தாள். விருந்து வைத்த வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெறஞ்சு போச்சுக்கா" என்றார். நீ நேற்று லோரிப் பக்கம் போகவில்லை, அங்கேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய். வண்டியில் திரும்பும்போது சொன்னாய்: "பாத்தியா ம்மா, பழைய ஃபைல்தான் கரெக்டு. எனக்கு இன்னும் டைம் வேணும்." நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பேசியிருந்தால் வண்டியிலேயே உடைந்திருப்பேன்.

தம்பி, நேற்று பழைய ஃபைலை நான் திறக்கவே இல்லை. அரிசி, பருப்பு, இலை, அடுப்பு, ஆள், அத்தை தூக்கிப்போன பொட்டலம் வரைக்கும் கணக்குப் போட்டது உன் புரோகிராம்தான், அதில் நான் எழுதிய அந்த ஒரு வரியோடு.

புது ஊரில் புதிய ஆட்களின் பழைய கணக்குகளை உன் கையில் கொடுப்பார்கள். எதற்கென்றே தெரியாத கட்டங்கள் அங்கேயும் இருக்கும். போட்டவரைக் கூப்பிட்டுக் கேள். அவர் ‘சும்மா’ என்றால் இன்னொரு நாள் திரும்பக் கேள், அன்று காலையில் அவர் யாரோடும் சண்டை போடாத நாளாகப் பார்த்துக் கேள். அப்புறம், வேலை எவ்வளவு வேகமாக ஓடினாலும் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே எப்போதும் மழை தூறுமாம். அப்பா வாங்கி வந்த அந்தக் கனத்த சட்டை அசிங்கமாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை, போட்டுக்கொள்.

நீ ஒவ்வொரு துண்டுக்கும் மேலே என் பேச்சை எழுதி வைத்தது போல, என் வரிக்கு மேலே நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். என் கம்ப்யூட்டரைத் திறந்து பார். ‘கெளம்பிப் போறவங்க கையில கொஞ்சம் இருக்கணும். இத யாரும் எடுக்கக் கூடாது, நான் சொன்னாலும்.’ அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

உன் பெட்டியிலிருந்து துண்டை எடுத்துவிட்டேன். கறித்தூளும் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டி உள்ளே வைத்தாயிற்று. உன் அத்தை ஒரு காலி டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், அடுத்த தடவை வரும்போது திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டுமாம். இதைப் படித்து முடித்ததும் கீழே வா. இந்த மாதத்துக்குள் ஒரு தேதிக்கு டிக்கெட்டை என் முன்னாலேயே போடு.

அம்மா